லொஃப்ட் தேடிய ஏழு மாதங்களும் எங்கள் முகவரின் சேவையும்

நானும் மனைவியும் பத்தொன்பது ஆண்டுகள் ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள மார்க்கம் நகரில் ஒரு தனிவீட்டில் வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் இருவரும் படிப்பை முடித்து வேறு நகரங்களுக்குப் போய்விட்ட பின், குளிர்காலத்தில் பனி வழிப்பதற்கும் கோடையில் புல் வெட்டுவதற்கும் மட்டுமே அந்த வீட்டில் இருக்கிறோமோ என்ற எண்ணம் எங்களுக்கு வந்தது. மனைவிக்கு ரொறன்ரோ நகருக்குள், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில், செங்கல் சுவரும் பெரிய யன்னல்களும் உள்ள ஒரு லொஃப்டில் வாழ வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இதைக் கேள்விப்பட்ட என் பெரியம்மா, "காணியில்லாத வீடும் ஒரு வீடோ?" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இங்கே நான் எழுத விரும்புவது, அந்தத் தேடலில் எங்களோடு வந்த வீடு விற்பனை முகவரின் சேவையைப் பற்றி. தனிப்பட்ட ஒருவரின் பெயரைப் பொதுவில் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொன்னால், அவரைப் போன்ற ஒருவரை நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

ரொறன்ரோவில் லொஃப்ட் என்ற சொல் இரண்டு வேறுபட்ட வீடுகளுக்கு வழங்குகிறது. பழைய ஆலையையோ களஞ்சியத்தையோ குடியிருப்பாக மாற்றினால் அது ஹார்ட் லொஃப்ட். புதிதாகக் கட்டும் கொண்டோவில், அதாவது வீடுகளைத் தனித்தனியாக விற்கும் அடுக்குமாடியில், கூரையை உயர்த்தி, குழாய்களை மறைக்காமல் விட்டு, அந்தத் தோற்றத்தை உண்டாக்கினால் அது சொஃப்ட் லொஃப்ட். லேக் ஷோர் சாலையில் உள்ள டிப் டொப் கட்டடம் 1929இல் ஆண்களின் ஆடைகளைத் தைக்கும் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. குயின் வீதி மேற்கில் இனிப்புத் தொழிற்சாலையாக இருந்தது இன்று கேண்டி ஃபக்டரி லொஃப்ட்ஸ். டல்ஹவுசி வீதியில் சிம்ப்சன்ஸ் நிறுவனத்தின் களஞ்சியமாக இருந்தது மேர்ச்சண்டைஸ் கட்டடம். கார்லோ அவென்யூவில் ரிக்லி சூயிங்கம் செய்யப்பட்ட இடத்திலும் இப்போது மக்கள் குடியிருக்கிறார்கள். 1996இல், பார்பரா ஹோல் மேயராக இருந்த காலத்தில், கிங்–ஸ்பாடைனா, கிங்–பார்லிமென்ட் ஆகிய இரண்டு பகுதிகளிலும் தொழிற்சாலைகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த கட்டடங்களை வேறு பயன்பாடுகளுக்கு மாற்ற நகரசபை விதிகளைத் தளர்த்தியது இந்த மாற்றத்துக்குப் பெரிய உந்துதலாக அமைந்தது. பழைய கட்டடங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கட்டப்பட்டது, ஒவ்வொரு விதமாக மாற்றப்பட்டது. அதனால் மார்க்கத்தில் நூறு தனிவீடுகளை விற்ற அனுபவம் இங்கே அதிகம் உதவுவதில்லை என்பதை நாங்கள் சற்றுத் தாமதமாகவே புரிந்துகொண்டோம்.

முதலில் நாங்கள் போனது அப்படிப்பட்ட ஒருவரிடம்தான். தெரிந்தவர், உறவினரின் திருமணங்களில் சந்திப்பவர், பேருந்து நிறுத்த இருக்கைகளின் விளம்பரங்களில் முகம் சிரிக்கும் மனிதர். முதல் வீட்டைப் பார்க்கப் போன அன்றே, வாகனத்தின் முன்மூடியில் காகிதத்தை விரித்து, "அண்ணை, இது சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி" என்று பேனையை நீட்டினார். அது வாங்குபவருக்கும் முகவர் நிறுவனத்துக்கும் இடையிலான பிரதிநிதித்துவ ஒப்பந்தம். காலம் பன்னிரண்டு மாதங்கள் என்று ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் அத்தகைய ஒப்பந்தம் ஆறு மாதங்களைத் தாண்டினால் அதற்கென வாங்குபவர் தனியாகச் சுருக்கொப்பம் இட வேண்டும். அந்தக் கட்டத்தைக் கண்டதால்தான் நான் நின்று படித்தேன். ஒப்பந்தம் முடிந்த பின்னரும் தொண்ணூறு நாட்களுக்குள், அவர் காட்டிய வீடொன்றை நாங்கள் வாங்கினால் கொமிஷன் உண்டு என்ற வரியும் அதில் இருந்தது. இவை எவையும் சட்டவிரோதமானவை அல்ல, பலரும் வைப்பவைதாம். ஆனால் விளக்காமல் ஒப்பம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. மேலும், 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முகவர்களுக்கு உரிமம் வழங்கிக் கண்காணிக்கும் ரீகோ அமைப்பின் தகவல் கையேட்டை முதலில் தந்து, அதன் உள்ளடக்கத்தை விளக்கிய பின்னரே சேவையைத் தொடங்க வேண்டும். அந்தக் கையேட்டை அவர் எங்களுக்குத் தரவே இல்லை.

அவர் காட்டிய மூன்றாவது லொஃப்டை விற்பதற்கு எடுத்திருந்தது அவருடைய நிறுவனமே என்பதை நாங்கள் கேட்ட பின்னர்தான் சொன்னார். படுக்கையறைக்கு யன்னல் இல்லை. சுவர் கூரை வரை போகாமல் எட்டடியில் நின்றது. எந்த நிபந்தனையும் இல்லாமல் அன்றிரவே விலை எழுதித் தர வேண்டும் என்றார். நாங்கள் எழுதவில்லை. ஒப்பமும் இடவில்லை என்பதால் பிரிவது எளிதாக இருந்தது, அடுத்த திருமணத்தில் ஒரே மேசையில் அமர நேர்ந்ததைத் தவிர.

இதன் பின் மனைவி பொறுப்பை எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பிடித்த கட்டடங்களின் பழைய விளம்பரங்களைப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் முகவர்களின் பெயர்களைக் குறித்து, ரீகோவின் இணையத்தளத்தில் அவர்களுடைய உரிமத்தையும் ஒழுங்கு நடவடிக்கைகள் ஏதும் உண்டா என்பதையும் தேடிப் பார்த்து, மூவரைக் கோப்பிக்கு அழைத்தார். மூவரிடமும் ஒரே கேள்விகள்: கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை ஹார்ட் லொஃப்ட்கள் உங்கள் கைவழி மாறின? உங்கள் சொந்தத் தங்கைக்கு வாங்கிக் கொடுக்க மாட்டீர்கள் என்று சொல்லக்கூடிய கட்டடம் எது, ஏன்? விற்பவர் தரும் கொமிஷன் நீங்கள் எதிர்பார்ப்பதை விடக் குறைவாக இருந்தால் மிச்சத்தை யார் கொடுப்பது?

முதலாமவர் எல்லாக் கட்டடங்களும் நல்லவை என்றார். இரண்டாமவர் இரண்டாம் கேள்விக்கு மிக நேர்மையாகப் பதில் சொன்னார், ஆனால் விற்பவர்களுக்காகவே பெரும்பாலும் வேலை செய்பவர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்த ஒரு பெண்; முப்பத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முன் அவர் ஒன்று கேட்டார்: "அண்ணை, அக்கா, நீங்கள் ரெண்டு பேரும் சின்னச் சத்தத்துக்கே முழிக்கிற ஆக்களோ?" விலை, வருமானம், வங்கி அனுமதி எல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தன. பழைய கட்டடங்கள் பலவற்றில் தளம் மரத்தாலானது. தடித்த மர உத்தரங்களின் மேல் பலகை அடுக்கிய அமைப்பு. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மேல்வீட்டுக்காரர் குதிக்கால் ஊன்றி நடப்பவராக இருந்தால் அவருடைய ஒவ்வோர் அடியும் கீழே கேட்கும். லொஃப்ட்களாக மாற்றப்பட்ட, கொங்கிறீட் தளமுள்ள கட்டடங்களில் இந்தத் தொல்லை குறைவு. மனைவி மெல்லிய நித்திரைக்காரர். அந்த ஒரு கேள்வியோடு எங்கள் பட்டியலில் இருந்த கட்டடங்களில் பாதி வெட்டுப்பட்டது.

கொமிஷன் பற்றியும் அவர் தெளிவாகப் பேசினார். ரொறன்ரோவில் வாங்குபவரின் முகவருக்கு வழமையாக விற்பவரின் தரப்பே பணம் கொடுக்கிறது. பெரும்பாலும் விலையில் 2.5 சதவீதமும், அதன் மேல் எச்எஸ்டி என்ற 13 சதவீத விற்பனை வரியும். விற்பவர் 2 சதவீதமே தருவதாக இருந்தால், ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்து மிச்ச அரைச் சதவீதம் வாங்குபவரின் தலையில் விழலாம். 720,000 டொலர் வீட்டுக்கு அது 3,600 டொலர். அப்படிப்பட்ட வீடுகளைப் பார்க்கப் போகும் முன்னரே எங்களிடம் சொல்வதாகவும், எங்களிடம் மிச்சத்தைக் கேட்பதில்லை என்பதாகவும் ஒரு வரியை ஒப்பந்தத்திலேயே சேர்த்தார். காலம் மூன்று மாதங்கள். பிடித்திருந்தால் நீடிக்கலாம் என்றார். இரண்டு தடவை நீடித்தோம். எங்கள் மார்க்கம் வீட்டை விற்கும் வேலையையும் அவருக்கே தருவதாகச் சொன்னபோது, "மார்க்கம் எனக்கு அவ்வளவு தெரியாது அண்ணை, அங்கை இருக்கிற ஒராளிட்டைக் குடுங்கோ" என்று மறுத்துவிட்டார். கையில் வந்த கொமிஷனை வேண்டாம் என்ற முகவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வீடு பார்க்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிடித்த வீட்டை அவர் இரண்டு தடவை காட்டுவார்: முதல் முறை பகலில், இரண்டாம் முறை வார நாளில் மாலை ஏழு மணிக்கு, மேல்வீட்டுக்காரர் வேலையால் வந்திருக்கும் நேரத்தில். கோர்க்டவுனில் ஒரு வீட்டில் எங்களை நடுக்கூடத்தில் நிறுத்தி, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னார். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு மேலே ஒரு கதிரை இழுபட்டது. தொடர்ந்து ஏதோ ஓர் உருண்டைப் பொருள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருண்டு, சுவரில் முட்டி, நின்றது. மூவரும் அண்ணாந்து அதன் பாதையைக் கண்ணாலேயே தொடர்ந்தோம். மனைவி என்னைப் பார்த்தார். அந்த வீட்டைப் பற்றி அதன் பிறகு பேச வேண்டியிருக்கவில்லை.

அவருடைய கைப்பையில் ஒரு சிறு டோர்ச்சும் லேசர் அளவுகோலும் எப்போதும் இருக்கும். டோர்ச் சமையலறைத் தொட்டியின் கீழ் அலுமாரிக்காக. 1995க்கும் 2007க்கும் இடையில் கிட்டெக் என்ற வகை நீர்க்குழாய்கள் விற்கப்பட்டன. சூடான நீருக்குச் செம்மஞ்சள், குளிர்ந்த நீருக்கு நீலம். அவற்றின் பித்தளை இணைப்புகள் அரித்து, குழாய்கள் வெடித்து நீர் கசிந்ததால் அவை சந்தையிலிருந்து மீளப் பெறப்பட்டன. வட அமெரிக்கா முழுவதற்குமான கூட்டு வழக்கும் நடந்து தீர்க்கப்பட்டது. ரொறன்ரோவின் லொஃப்ட் மாற்றங்களில் கணிசமானவை அதே ஆண்டுகளில் நடந்தவை என்பதால், அந்த நிறங்களை அவர் ஒவ்வொரு வீட்டிலும் தேடுவார். ஒரு வீட்டில் தொட்டியின் கீழ் முழந்தாளிட்டு என்னையும் குனியச் சொல்லி, நீலக் குழாயின் முதுகில் அச்சிடப்பட்டிருந்த அந்தப் பெயரைக் காட்டினார். வீட்டுக் காப்புறுதி நிறுவனங்கள் இதைக் கேட்கும், மாற்றுவதென்றால் சுவரை உடைக்க வேண்டும், அதன் செலவைக் கழித்து விலை பேசலாம், அல்லது விட்டுவிடலாம் என்றார். விட்டுவிட்டோம்.

லேசர் அளவுகோல் வேறொரு நாள் கைகொடுத்தது. 1,050 சதுர அடி என்று விளம்பரம் செய்த ஒரு வீட்டில், ஏணிப்படி வைத்து ஏறும் இடைத்தட்டையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தார்கள். அங்கே கூரை உயரம் ஐந்தடிக்குச் சற்று மேல். நான் ஐந்தடி எட்டங்குலம். நிமிர்ந்து நிற்க முடியாத இடத்துக்குச் சதுர அடி விலை கொடுப்பதா என்ற கேள்வியை அவர் கேட்கவில்லை. அளந்த எண்ணைத் தாளில் எழுதி என் கையில் தந்தார். வாகனத் தரிப்பிடம் வீட்டின் உறுதிப்பத்திரத்தில் உள்ளதா, மாத வாடகைக்கா என்பதையும், பொருள் வைக்கும் அறை எந்த மாடியில் என்பதையும் அதே தாளில் குறிப்பார். பெப்ரவரியில் பார்த்த வீடுகளில் வெளிச்சுவரின் உட்பக்கச் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். செங்கல்லை அழகுக்காகத் திறந்து விட்டால் குளிர்காப்புப் போட இடமில்லை. கை சில்லிட்டால் வெப்பமூட்டும் செலவும் அதற்கேற்ப இருக்கும்.

லொஃப்ட் உட்படக் கொண்டோ வாங்குவோர் யாவரும் அறிய வேண்டியது நிலைச் சான்றிதழ், அதாவது ஸ்டேட்டஸ் சேர்ட்டிஃபிக்கட். 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டத்தின்படி, யார் கேட்டாலும் கட்டடத்தின் நிர்வாகம் அதைப் பத்து நாட்களுக்குள் தர வேண்டும். கட்டணம் வரியோடு 100 டொலருக்கு மேல் போகக்கூடாது. சேமநிதியில் எவ்வளவு உள்ளது, மாதாந்தக் கட்டணம் கூடப் போகிறதா, மாதக் கட்டணத்துக்கு மேலாக வீட்டுக்காரரிடம் வசூலிக்கும் விசேட அறவீடு ஏதும் வருகிறதா, வழக்குகள் உண்டா என்பவை அதில் இருக்கும். சட்டத்தரணிக்கு அனுப்பும் முன் அதை அவர் தாமே படித்து, ஐயம் உள்ள பக்கங்களில் குறி வைப்பார். நாங்கள் மிகவும் விரும்பிய ஒரு கட்டடத்தில் அவர் குறி வைத்த பக்கம், யன்னல்கள் அனைத்தையும் மாற்றுவது பற்றியது. கட்டடம் மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அத்தகைய கட்டடத்தின் முகப்பில் கை வைக்க நகரசபையின் அனுமதி வேண்டும், பழைய தோற்றத்திலேயே யன்னல்களைச் செய்விக்க வேண்டும், செலவு ஏறும். நாங்கள் பார்த்த வீட்டின் பங்குக்கு விசேட அறவீடு 18,400 டொலர். "பிழையான கட்டடம் எண்டு சொல்ல வரேல்லை அண்ணை, ஆனா இந்த விலைக்கு வேண்டாம்" என்றார். விற்பவர் விலையைக் குறைக்கவில்லை. நிபந்தனையோடு விலை எழுதியிருந்ததால் முற்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வெளியே வந்தோம். இதை எழுதும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: கட்டுநரிடமிருந்து புதிய கொண்டோவை நேரடியாக வாங்குவோருக்கு மனம் மாறப் பத்து நாட்கள் சட்டம் தருகிறது, ஒருவர் வாழ்ந்த வீட்டை வாங்குவோருக்கு அந்தச் சலுகை இல்லை. எழுதிய நிபந்தனைதான் ஒரே கதவு.

குறைகளையும் சொல்ல வேண்டும். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியை எடுப்பதில்லை. இரவு ஒன்பதுக்குப் பின் செய்திகளுக்குப் பதில் இல்லை. ரொறன்ரோ சந்தையில், விலை எழுதும் இரவை முன்கூட்டியே அறிவித்து விற்கும் வீடுகளும் உண்டு, அந்த நாளுக்கு முன்னரே யாராவது பெரிய விலையோடு பாய்ந்துவிடுவதும் உண்டு. ஒரு ஞாயிறு மாலை அப்படி ஒன்று எங்கள் கையை விட்டுப் போனது. அதை விடப் பெரிய பிழை, குயின் வீதி மேற்கில் நாங்கள் விலை எழுதிய ஒரு வீட்டில் நடந்தது. நிலைச் சான்றிதழைப் பார்க்கும் நிபந்தனையோடு எழுதினோம். போட்டிக்கு மேலும் இருவர். மற்றவர்களின் விலையை வெளிப்படுத்தலாமா என்பதை இப்போது விற்பவரே தீர்மானிக்கலாம். அவர் வெளிப்படுத்தவில்லை, எத்தனை பேர் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிந்தது. நிபந்தனை இல்லாமல் எழுதியவருக்கு வீடு போனது. அந்தச் சான்றிதழ் விற்பவரின் முகவரிடம் முன்னரே தயாராக இருந்தது என்பதும், கேட்டிருந்தால் விலை எழுதும் முன்பே படித்திருக்கலாம் என்பதும் பின்னர் தெரிய வந்தன. எங்கள் முகவர் கேட்கவில்லை. தன் பிழை என்று ஒப்புக்கொண்டார், அடுத்த வீட்டிலிருந்து சான்றிதழைத் தன் செலவிலேயே முன்கூட்டி எடுக்கத் தொடங்கினார். ஆனாலும் அந்த வீட்டின் மேற்கு யன்னல்களைப் பற்றி மனைவி இன்றும் பேசுகிறார். அது நல்ல கட்டடமா இல்லையா என்பதை அறிய எங்களுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

கடைசியில் வாங்கியது கார்லோ அவென்யூப் பக்கத்தில், கொங்கிறீட் தளமும் பன்னிரண்டடிக் கூரையும் கொண்ட ஒரு வீடு. கேட்ட விலை 739,000. முடிந்த விலை 720,000. ஐந்து வேலை நாட்களுக்கு நிதி, சான்றிதழ் ஆகிய இரண்டு நிபந்தனைகளும் இருந்தன. ஏற்றுக்கொண்ட 24 மணி நேரத்துக்குள் 5 சதவீத முற்பணம், அதாவது 36,000 டொலர், வங்கி வரைவாக விற்பவர் தரப்பு நிறுவனம் பிறர் பணத்தை வைத்திருக்கும் நம்பிக்கைக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதால், அந்தப் பணத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுப்போம் என்பதை ஒரு கிழமைக்கு முன்னரே எங்களிடம் கேட்டு வைத்திருந்தார். மார்க்கத்துக்கும் ரொறன்ரோவுக்கும் உள்ள வேறுபாட்டையும் முதல் நாளே எழுதித் தந்திருந்தார்: மார்க்கத்தில் நிலமாற்று வரி மாகாணத்துக்கு மட்டும், ரொறன்ரோ எல்லைக்குள் மாகாணத்துக்கு ஒரு முறை, நகரத்துக்கு ஒரு முறை. 720,000 டொலருக்கு ஒவ்வொன்றும் 10,875, சேர்த்து 21,750. முதல் வீடு வாங்குவோருக்கு இரண்டிலும் கழிவு உண்டு, எங்களுக்கு இல்லை. இந்தத் தொகையை அடமானத்தில் சேர்க்க முடியாது, கையில் இருக்க வேண்டும் என்று அவர் அடிக்கோடிட்டிருந்தார்.

கையொப்பம் இடும் முன் எங்களைத் தெருவில் நடத்தியும் காட்டினார். ஜெரார்டும் கார்லோவும் சந்திக்கும் இடத்தில் ஒன்ராறியோ லைன் என்ற புதிய ரயில் பாதையின் நிலையம் கட்டப்படுகிறது. இன்றைய இயந்திரச் சத்தமும் நாளைய ரயில் வசதியும் ஒரே பொதியில் வருபவை என்று, வேலை நடக்கும் வேலியின் ஓரத்தில் நின்று சொன்னார். குயின் வீதியின் 501 ட்ராம் வரை நடக்க எவ்வளவு நேரம் என்பதை மனைவியின் நடையில் அளந்தோம்.

உங்களுக்கு ஒரே மாதத்தில் வீடு வேண்டும், இரவு பதினொரு மணிக்கும் பதில் வேண்டும் என்றால் இப்படிப்பட்ட முகவர் சரிப்பட மாட்டார். கொமிஷனில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் முகவர்களும் நகரில் உண்டு. இவர் தருவதில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களைப் போல் பழைய கட்டடத்தின் மீது ஆசையும் அதைப் பற்றி அறியாமையும் ஒன்றாகக் கொண்டவர்களுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன். குறைத்த அரையில் கால்வாசி குயின் வீதி மேற்கு வீட்டுக்காக. மிச்சம் யன்னல் திரைகளுக்காக: பத்தடி உயர யன்னல்களுக்குக் கடையில் ஆயத்தமாக எதுவும் பொருந்தாது, அளவெடுத்துச் செய்விக்க வேண்டும், எங்கள் நான்கு யன்னல்களுக்கும் 4,100 டொலர் ஆகும் என்பதை, குழாயின் முதுகு வரை படித்த அந்தப் பெண் எங்களிடம் சொல்லவே இல்லை. முதல் மூன்று வாரமும் காலை ஐந்தரைக்கே விழித்துக்கொண்டோம், சத்தத்தால் அல்ல, வெளிச்சத்தால்.